பின் இருக்கையிலிருந்து வந்த கேள்வி

வாசகர் கடிதம்:

ஐயா, எங்களிடம் இருப்பது 2015 இல் வாங்கிய பல்சர் 150. கணவர் தினமும் வெள்ளவத்தையிலிருந்து என்னைக் கொள்ளுப்பிட்டியில் இறக்கிவிட்டுப் பேலியகொடைக்கு வேலைக்குப் போகிறார். பின் டயர் மொட்டையாகிவிட்டது. அவருடைய நண்பர் தன் யமஹா எஃப்.இசட்டில் இருந்து கழற்றிய டயர் ஒன்றைச் சும்மா தருகிறாராம். "நல்ல அகலம், ரோட்டைப் பிடிக்கும்" என்று இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். மாமாவோ முன்னும் பின்னும் ஒரே கம்பனி டயர்தான் போட வேண்டும், கலந்து போட்டால் ஆபத்து என்கிறார். வழக்கமாக எங்கள் வண்டியைத் திருத்துகிற மெக்கானிக் பாஸ், முன் டயரில் வரி (பள்ளக் கோடு) நிறைய இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்கிறார். போன மாதம் பம்பலப்பிட்டியில், மழைக்குள், பாதசாரிக் கடவைக்கு முன்னால் பிரேக் பிடித்தபோது முன் சில்லு ஒரு கணம் வழுக்கியது. விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பயம். இரண்டு டயரையும் ஒரேயடியாக மாற்றக் கையில் காசு இல்லை. யாழ்ப்பாணத்துக்கு, நல்லூர்த் தேருக்கு மோட்டார் சைக்கிளிலேயே போகிற திட்டமும் இருக்கிறது. டயர்களில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுகிறேன். முன்: 80/100-17 46பி, 3414. பின்: 100/90-17 55பி. நண்பர் தருவது: 140/60ஆர்17 63பி, 1119.
— பின்னால் இருந்து போகிறவள், வெள்ளவத்தை

பதில்:

தங்கச்சி, டயரைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் "நல்ல டயர் எது?" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் குனிந்து பார்த்து எழுத்தையும் இலக்கத்தையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் வண்டியைப் பார்க்காமலே பாதி வைத்தியம் செய்ய முடிகிறது. உங்கள் கணவர் அகலத்தைப் பற்றிக் கேட்கிறார், மாமா கம்பனியைப் பற்றிக் கேட்கிறார், பாஸ் வரியைப் பற்றிச் சொல்கிறார். மூன்று பேருமே பார்க்காத ஒன்றை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: 3414.

அந்த நான்கு இலக்கமும் டயரின் பிறந்த திகதி. முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருஷம். 2014 ஆம் ஆண்டின் 34 ஆவது கிழமை, அதாவது ஓகஸ்ட் மாதம். வண்டியோடு வந்த அதே முன் டயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து வருஷத்தைத் தாண்டிய டயரை, வரி எவ்வளவு இருந்தாலும், கழற்றிவிட வேண்டும் என்பதுதான் மிஷெலின் போன்ற டயர் கம்பனிகளே சொல்கிற எல்லை. ஐந்து வருஷம் கடந்ததை வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறார்கள்.

முன் டயர் மெல்லத்தான் தேயும். எஞ்சின் தள்ளுவதும், பின்னால் இருப்பவரின் பாரமும் பின் சில்லுக்குத்தான் போகின்றன. நகரத்துக்குள் ஓடுகிற வண்டியில் பின் டயர் இரண்டு போய்விடும், முன் டயர் ஒன்று அப்படியே இருக்கும். இதனால்தான் முன் டயரை எல்லோரும் மறந்துபோகிறார்கள். தேயாமல் இருக்கிறது, ஆகவே நன்றாக இருக்கிறது என்று மனம் கணக்குப் போடுகிறது. இறப்பர் தேயாவிட்டாலும் காயும். வெயிலும், கடற்காற்றும், நீங்கள் தினமும் போகிற காலி வீதியின் புகையும் அதிலுள்ள எண்ணெய்த்தன்மையை மெல்ல மெல்ல எடுத்துவிடும். 2022 இல் பெற்றோல் இல்லாமல் வண்டிகள் கிழமைக்கணக்கில் நின்றன அல்லவா? அந்தக் காலத்தில் காற்று இறங்கிய டயரில் நின்ற வண்டிகளின் பக்கச்சுவர் வெடிப்புகளை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். உங்கள் முன் டயரின் வரிகளுக்கு அடியில், பள்ளத்தின் தரையில், நூல் போல வெடிப்பு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பெருவிரல் நகத்தால் ஓர் இடத்தில் அழுத்திப் பாருங்கள். புது டயரில் நகம் கொஞ்சம் பதிந்து, பிறகு தடம் மறையும். காய்ந்த டயரில் மேசையை அழுத்துவது போல இருக்கும்.

பம்பலப்பிட்டியில் வழுக்கியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நனைந்த வீதியில் டயர் பிடிப்பதற்கு இரண்டு விஷயம் வேண்டும். பள்ளம் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். பிறகு இறப்பர், வீதியின் சிறு சிறு மேடுபள்ளங்களுக்குள் நசிந்து இறங்க வேண்டும். உங்கள் டயரில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது போய்விட்டது. நகர வேகத்தில் முதலாவதை விட இரண்டாவதுதான் முக்கியம். கடவையில் பூசியிருக்கிற பெயின்ரில் மேடுபள்ளமே குறைவு. அங்கே காய்ந்த இறப்பர் நின்றால் சவர்க்காரக் கட்டியின் மேல் கால் வைத்த மாதிரித்தான்.

உங்கள் பாஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. வரியைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் தொழில் பழகினோம். ஆனால் இலக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆக, காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறதென்றால் எதை முதலில் மாற்றுவது? முன் டயரை. இதைச் சொன்னால் கடையில் பலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், மொட்டையாக இருப்பது பின் டயர் அல்லவா என்று. காரணத்தைச் சொல்கிறேன். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பல்சரின் இரண்டு சில்லுக்கும் இடையில் ஏறக்குறைய 1.3 மீற்றர். இரண்டு பேர் ஏறினால் பாரத்தின் மையம் தரையிலிருந்து அதில் பாதி உயரத்துக்கு வந்துவிடும். கடுமையாகப் பிரேக் பிடித்தால், சாதாரணமாகப் பாதிக்கும் குறைவான பாரத்தைச் சுமக்கிற முன் டயர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சுமக்கிறது. வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி அதற்குத்தான். பின் சில்லு வழுக்கினால் வால் ஆடும், பழகியவர் பிடித்துவிடுவார். முன் சில்லு வழுக்கினால், பெரும்பாலும், அதைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் வீதியில் இருப்பீர்கள். அன்று விழாமல் தப்பியது அவர் பிரேக்கை உடனே விட்டதால் இருக்க வேண்டும். அதை அவரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் சந்தோஷப்படட்டும்.

(கார் வைத்திருக்கிற உறவினர் யாராவது, புது டயரைப் பின்னுக்குத்தான் போட வேண்டும் என்று சொல்லக்கூடும். காருக்கு அது சரி. மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கதை பொருந்தாது. உங்கள் வண்டியில் முன் டயரைப் பின்னுக்கு மாற்றவும் முடியாது.)

ஆனால் ஒரு நிபந்தனை. பின் டயரின் நடுவில், இறப்பருக்கு உள்ளே இருக்கிற நூல் வெளியே தெரிகிறதா? தெரிந்தால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் ரத்து. வண்டி நிற்கட்டும், கைமாற்று வாங்கியாவது இரண்டையும் போடுங்கள். நூல் தெரியாமல், நடுவில் வழவழப்பாக மட்டும் இருந்தால், இந்த மாதம் முன் டயர், அடுத்த மாதம் பின் டயர். இடைப்பட்ட காலத்தில் மழை நாளில் நீங்கள் பஸ்ஸில் போங்கள். முன் டயர் சிறியது, விலையும் பின் டயரை விடக் குறைவு. அந்த அளவில் இது தாங்கக்கூடிய செலவுதான்.

இனி நண்பரின் அன்பளிப்பு. இலவசமாக வருகிற டயரைப் போல விலை கூடிய டயர் கிடையாது என்று எங்கள் கடையில் சொல்லிச் சிரிப்போம்.

எஃப்.இசட்டின் 140/60ஆர்17 நல்ல டயர்தான், எஃப்.இசட்டில் இருக்கும்போது. 17 என்பது ரிம்மின் விட்டம், உங்களுடையதும் 17. அதனால் ஏறிவிடும், ஏற்றிக் கொடுக்கவும் ஆள் இருப்பார். பிரச்சினை ரிம்மின் அகலத்தில். 140 டயர் விரிந்து உட்கார ஏறக்குறைய மூன்றரை அங்குலமும் அதற்கு மேலும் அகலமான ரிம் தேவை. 100/90 டயருக்கு உரிய ரிம் இரண்டரை அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும். அகலமான டயரை ஒடுங்கிய ரிம்மில் பூட்டினால் என்ன நடக்கும்? இடியப்பத் தட்டில் வைக்க வேண்டிய மாவை தேநீர்க் கோப்பைக்குள் அமுக்கிய மாதிரி. இரண்டு ஓரமும் உள்ளுக்கு இழுபட, நடுப்பகுதி கூராகிவிடும். அகலமான டயர் வாங்கியதற்கு மாறாக, நேராகப் போகும்போது வீதியைத் தொடுகிற இறப்பர் குறைந்துவிடும். நடு மட்டும் தேயும். வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் தயங்கி, பிறகு திடீரென்று விழுவது போல இருக்கும். "ரோட்டைப் பிடிக்கும்" என்று இவர் எதிர்பார்க்கிற விஷயமே கையை விட்டுப் போகும்.

அதோடு முடியவில்லை. 140 அகல டயருக்கும் உங்கள் வண்டியின் செயினுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு அடிமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது முட்டாது. இரண்டு பேர் ஏறி, நுகேகொடைப் பக்கம் ரயில் கடவையில் ஒரு குலுக்கு விழும்போது செயின் டயரின் பக்கத்தை வழித்துவிடும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் இப்படிக் கொண்டுவந்தான். டயரின் ஒரு பக்கம் தேங்காய் துருவினதைப் போல இருந்தது. வேறு எங்கோ பூட்டியிருக்கிறார்கள். செயினுக்கு வழிவிட, செயின் ஓடுகிற பற்சக்கரமான ஸ்புரொக்கற்றின் பின்னால் வாஷர் வைத்து வெளியே தள்ளியிருந்தார்கள். ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்திருந்தார்கள்.

உயரத்தையும் பாருங்கள். உங்கள் 100/90-17 இன் மொத்த விட்டம் 612 மில்லிமீற்றர் அளவில் வரும்: 17 அங்குலம் 432 மி.மீ., அதோடு 100 இன் தொண்ணூறு வீதம் மேலே 90, கீழே 90. 140/60-17 இல் 140 இன் அறுபது வீதம் 84, இரண்டு பக்கமும் சேர்த்து 168, மொத்தம் 600. பின்பக்கம் 6 மி.மீ. இறங்கிவிடும். பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் பார்க்கப் பெரிதாகத் தெரிகிற டயர் உண்மையில் குட்டை என்பதை உங்கள் கணவருக்குச் சொல்ல இந்தக் கணக்கு உதவும்.

கொஞ்சம் அகலம் வேண்டுமே என்று அவர் இன்னும் கேட்டால், 100/90 க்குப் பதில் 110/80-17 பற்றி உங்கள் ரிம்மைப் பார்த்துப் பேசலாம். அதன் விட்டம் 608, ஏறக்குறைய அதே உயரம். ரிம்மின் அகலம் ரிம்மிலேயே அச்சாகியிருக்கும். டயர்க் கம்பனியின் அட்டவணையில் அந்த அகலம் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் விடுங்கள். நானாக இருந்தால் அதுவும் போடமாட்டேன். 100/90 இல் இந்த வண்டி நன்றாகத் திரும்புகிறது. அதை வடிவமைத்தவர்கள் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

நண்பரின் டயரில் அளவைத் தவிர இன்னொரு எழுத்தும் இருக்கிறது. உங்கள் மாமா "கலந்து போட்டால் ஆபத்து" என்கிறாரே, அந்தப் பயத்துக்கு உண்மையான காரணம் அந்த எழுத்துத்தான். 140/60க்குப் பிறகு வருகிற "ஆர்".

உங்கள் டயர்களில் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. கோடு என்றால் பயஸ் டயர். ஆர் என்றால் ரேடியல். இறப்பருக்கு உள்ளே நைலோன் போன்ற நூல்களை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். பயஸ் டயரில் நூல்கள் சாய்வாக, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, ஓலைப் பாய் பின்னியது போலப் போகும். பக்கச்சுவரும் மேற்பகுதியும் ஒரே பின்னல். கடினமாக இருக்கும், பாரத்தைத் தாங்கும், பள்ளத்தில் விழுந்தாலும் சமாளிக்கும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகக் குறுக்கே போகும். வீதியைத் தொடுகிற பகுதிக்கு உள்ளே, பீப்பாவுக்கு இரும்பு வளையம் போட்ட மாதிரி, ஒரு பட்டி சுற்றியிருக்கும். பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், மேற்பகுதி விறைப்பாக நிற்கும், சூடும் குறைவு.

இந்த இரண்டு வகையும் திருப்பத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. முன்னால் ஒரு குணம், பின்னால் ஒரு குணம் என்றால் வண்டி எந்தப் பக்கத்துக்குக் கட்டுப்படும்? மாட்டு வண்டியில் ஒரு பக்கம் காளையையும் மறு பக்கம் எருமையையும் பூட்டின கதை. இரண்டும் நல்ல மிருகங்கள்தான்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நண்பரின் எஃப்.இசட்டிலேயே முன்னால் 100/80-17, கோடு போட்ட பயஸ். பின்னால் 140/60ஆர்17, ரேடியல். தொழிற்சாலையில் இருந்தே அப்படித்தான் வந்தது. "அவர்களே கலந்துதானே போடுகிறார்கள்" என்று உங்கள் கணவர் கேட்பார், நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், அந்த வண்டியின் சட்டம், சஸ்பென்ஷன், ரிம் எல்லாவற்றையும் அந்தச் சோடியோடு சேர்த்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விற்கிறார்கள். முன்னால் பயஸ், பின்னால் ரேடியல் என்பது வண்டிக் கம்பனியே தீர்மானித்திருந்தால் சரி. முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்பதை எங்கள் கடையில் யார் கேட்டாலும் போட்டுக் கொடுக்கமாட்டோம். உங்களுக்குச் சொல்வது: இரண்டும் கோடு போட்டதாகவே இருக்கட்டும். பல்சர் 150 க்கு ரேடியல் தேவையில்லை. அந்த வேகத்தில் நீங்கள் போகப் போவதும் இல்லை.

கம்பனி விஷயத்தில் மாமா பாதி சரி. ஒரே கம்பனியின் ஒரே பெயருள்ள முன்–பின் சோடியை அந்தக் கம்பனி ஒன்றாக ஓட்டிப் பரிசோதித்திருக்கும். கையில் காசு இருந்தால் அதுதான் நிம்மதி. ஆனால் முன்னால் ஒரு கம்பனி, பின்னால் இன்னொன்று என்பதால் மட்டும் வண்டி விழாது. களனியில் செய்கிற சியெட் முன்னாலும் எம்.ஆர்.எஃப் பின்னாலும் போட்டுக்கொண்டு கொழும்பில் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. வகை ஒன்றாக இருக்க வேண்டும், அளவு வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும், இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் பக்கத்தில் என்ன பெயர் இருந்தால் என்ன? அடுத்த மாதம் பின் டயர் வாங்கும்போது முன் டயரின் சோடி கையிருப்பில் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்து மொட்டை டயரில் ஓடாதீர்கள். அப்படிக் காத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து.

கலப்பில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. தேய்வு. காலி வீதியில் நேராகவே ஓடி ஓடிப் பின் டயரின் நடு தட்டையாகிவிடும். முன்னால் உருண்டையான புது டயர் போட்டதும் வண்டி முன்னால் கெதியாகத் திரும்பும், பின்னால் தட்டையின் விளிம்பில் தடக்கிக்கொண்டு வரும். இந்த மாதம் முன் டயர் மாற்றியதும் உங்கள் கணவர் "வண்டி முந்தி மாதிரி இல்லை, டயர் சரியில்லை" என்று சொல்வார். சொல்லட்டும். பின் டயரும் மாறிய பிறகு அது போய்விடும். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், புது டயரைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்காமல் இருக்க.

கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற 46பி, 55பி என்பவற்றையும் கவனியுங்கள், ஏனென்றால் பின்னால் இருப்பவர் நீங்கள். 46 என்றால் அந்த டயர் 170 கிலோ தாங்கும், 55 என்றால் 218 கிலோ. பி என்பது மணிக்கு 150 கிலோமீற்றர் வரை. வண்டி ஏறக்குறைய 145 கிலோ, நீங்கள் இருவர், யாழ்ப்பாணம் போகும்போது பை, திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கிற ஒடியல் மாவும் பனங்கட்டியும். பின் டயருக்குத்தான் அதில் அதிகம். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று 55 க்குக் குறைந்த இலக்கம் உள்ளதைப் பின்னுக்கு வாங்க வேண்டாம். கூடினால் பரவாயில்லை.

வரியின் வடிவம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் காட்டுவார்கள். கட்டை கட்டையாக, மண் பாதைக்கான டயர் இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. காலி வீதிக்கும் யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதிக்கும் அது தேவையில்லை. நனைந்த தாரில் தொடுகிற இறப்பர் குறைவு. சாதாரண வீதி டயர் போதும்.

பஞ்சிகாவத்தைக்குப் போய் வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் கூடப் போங்கள், இலக்கம் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள்தானே. 2020 இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வண்டிகளையே எல்லோரும் தூக்கிப் பிடித்து ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் டயருக்குக் கிராக்கி, அதனால் அலுமாரிக்குப் பின்னால் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாமல் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். அது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு உட்பட்டது என்றால் நல்லது. நான்கு வருஷம் என்றால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பாவித்த டயர் பக்கம் போகவே வேண்டாம்.

பூட்டும்போது பக்கத்தில் இருங்கள். டயரில் ஓர் அம்புக்குறி இருக்கும், சில்லு சுற்றுகிற திசைக்கு. முன்னுக்கும் பின்னுக்கும் பொதுவான சில டயர்களில் இரண்டு அம்பு, இரண்டும் எதிர்த்திசை. முன் சில்லு பெரும்பாலும் பிரேக்கின் இழுவையைத் தாங்குவதால், பின் சில்லு எஞ்சினின் தள்ளலைத் தாங்குவதால் அப்படி. ஒரு சிறு புள்ளியும் போட்டிருப்பார்கள், டயரின் பாரம் குறைந்த இடம் அது. அந்தப் புள்ளி காற்றடிக்கிற வால்வுக்கு நேரே வர வேண்டும். உங்கள் சில்லுக்குள் டியூப் இருந்தால் டியூபையும் புதிதாகப் போடுங்கள். பத்து வருஷ டியூபைப் புது டயருக்குள் வைப்பது புதுச் சட்டைக்குள் கிழிந்த பெனியன் போடுவதல்ல, அது நடுவீதியில் காற்றுப் போகும்.

இன்னொன்று. புது டயர் வழுக்கும். அச்சில் வார்த்தெடுத்த மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், அது உரசிப் போகும் வரைக்கும் முதல் நூற்றைம்பது, இருநூறு கிலோமீற்றர் பிரேக்கையும் வளைவையும் மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் சொந்த வண்டிக்குப் புது டயர் போட்டு, மருதானையில் என் கடைக்கு முன்னாலேயே, வாடிக்கையாளர் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, திருப்பத்தில் படுத்துவிட்டேன். தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பி, "இப்படித்தான் செய்யக்கூடாது" என்று அவர்களுக்குச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், மற்றவர் டயர் வாங்காமல் போய்விட்டார். ஆகவே நல்லூருக்குப் போகிறீர்களென்றால் முதல் நாள் பின்னேரம் டயர் பூட்டிக்கொண்டு விடியப் புறப்படாதீர்கள். இரண்டு கிழமைக்கு முன்பே இரண்டு டயரும் ஏறியிருக்க வேண்டும், கொள்ளுப்பிட்டிக்கும் பேலியகொடைக்கும் போய்வந்து பதம் வந்திருக்க வேண்டும். டயரை மினுக்குகிற எண்ணெய் எதையும் தடவ விடாதீர்கள்.

காற்று: பல்சர் 150 க்கு முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 28, நீங்களும் ஏறினால் 32. இந்த 32 ஐத்தான் ஒருவரும் அடிப்பதில்லை. உங்களைத் தினமும் ஏற்றுகிறார், ஆனால் காற்று எப்போதும் தனி ஆள் கணக்கில். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற ஆகக்கூடிய காற்றளவைப் பார்த்து அடிக்க வேண்டாம், அது அந்த டயரின் எல்லை, உங்கள் வண்டியின் அளவு அல்ல. பெற்றோல் செட்டுக்குக் காலையில் போய், சில்லு சூடேறுவதற்கு முன் பாருங்கள். பத்து கிலோமீற்றர் ஓடிய பிறகு பார்த்தால் அளவு கூடிக் காட்டும், காற்று இருக்கிறதென்று நினைத்துவிடுவீர்கள்.

டயர் மாற்றிய பிறகும் முன்பக்கம் அலைக்கழிந்தால் ஹாண்டில் திரும்புகிற இடத்துப் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் சில்லைத் தூக்கி வைத்து ஹாண்டிலை மெதுவாகத் திருப்பினால், நடுவில் ஒரு பள்ளத்துக்குள் விழுகிற மாதிரி நின்றால் அது போய்விட்டது. செயின் இறுக்கும்போது இரண்டு பக்கக் கோடுகளும் சமமாக இருக்கின்றனவா என்பதையும். இந்த இரண்டுக்காகவும் நல்ல டயரைக் குறை சொன்னவர்கள் ஏராளம்.

எஃப்.இசட் டயரை நண்பரிடமே நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1119 என்றால் 2019 இன் 11 ஆவது கிழமை, அதற்கும் வயதாகிவிட்டது. அவரிடமும் அந்த இலக்கத்தைக் காட்டலாம்.

கழற்றிய உங்கள் பழைய முன் டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வரி நிறைய இருக்கிற டயர் என்பதால், மினுக்கி வைத்தால் யாரோ ஒருவருக்கு விற்றுவிட முடியும். கண்ணுக்கு முன்னாலேயே விளிம்பைக் குறுக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மொட்டைமாடியிலும் போட வேண்டாம், இந்த மழைக்கு அதற்குள் தண்ணீர் நின்று நுளம்பு முட்டையிடும். டெங்கு பார்க்க வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் தேடுவதே பழைய டயரைத்தான்.